துவக்கின் இரு முனைகள்

எல்லக் கணவாயின் விளிம்பில் நின்று தெற்கே நோக்கினால் இருபுறமும் மலைகள் விலகி நிற்க, நடுவே வெல்லவாயச் சமவெளி நீல மூட்டத்தில் விரிந்து கிடப்பதைக் காணலாம். இக்காட்சியைக் காண இன்று உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து போகின்றனர். இராவணன் அருவியைக் கடந்து வளைந்து இறங்கும் பாதை சென்று சேரும் அந்த வெல்லவாயப் புறத்தில், ரந்தெனிவெல என்னுமிடத்தில், 1630ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினு டி சாவின் படை அழிந்தது. அழகு பார்க்க வருவோர் இதனை அறியாதிருப்பதில் வியப்பில்லை. இம்மண்ணிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளும் அறியாதிருப்பதுதான் நமக்கு வருத்தம் தருகிறது.

2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒல்லாந்து அரசு ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. 1765இல் ஒல்லாந்தக் கம்பெனியின் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் சென்ற பொருட்கள் அவை. நெடுங்காலம் அம்ஸ்ரடாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அவற்றில் லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன் வாள், வெள்ளி வாள், ஒரு கத்தி ஆகியவற்றோடு இரண்டு பெருந்துவக்குகளும் இருந்தன. செய்தித்தாளில் வந்த படத்தை வகுப்பில் காட்டி, அவற்றின் வேலைப்பாட்டை நாம் வியந்து விளக்கிக்கொண்டிருந்தோம். தோட்டத்து லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, "இதைச் செய்தவருக்குப் பேர் இல்லையா, சேர்?" என்று கேட்டான். அடுத்த வாங்கிலிருந்த மாணவி, "இது யாரைச் சுட்டது, சேர்?" என்றாள். நாம் விளக்கிக்கொண்டிருந்ததெல்லாம் துவக்கின் அழகைப் பற்றியது. அவர்கள் கேட்டதோ மனிதரைப் பற்றியது. அன்று நம்மால் சரிவர விடை சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அவ்விரு கேள்விகளுக்கும் சற்றுத் தாமதமாக எழுதும் விடை.

தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நாம் துவக்கு என்கிறோம். சிங்கள மக்கள் துவக்குவ என்கின்றனர். மூன்றும் துருக்கியச் சொல் ஒன்றின் வழிவந்தவை. கண்டி அரசில் துவக்கு ஏந்திய வீரர் 'வெடிக்கார' எனப்பட்டனர். அச்சொல் நம் காதுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை. கால்களின்மேல் ஊன்றிச் சுடும் சிறு பீரங்கியாகிய கொடித்துவக்கு இன்று போர்க்களத்தில் இல்லை. ஆயினும் கொடித்துவக்கு என்னும் குடும்பப் பெயர் இன்றும் சிங்கள மக்களிடையே வழங்குகிறது. ஆயுதம் மறைந்த பின்னும் அதனைச் சுமந்தவரின் தொழில், பெயரில் தங்கிவிட்டது.

இனி, அத்துவக்கைச் செய்தவரிடம் வருவோம். இம்மலைநாட்டின் இரும்புத் தொழில் மிகப் பழைமையானது. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவைப் பகுதியில், தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகள் இருந்தன. மேற்கு நோக்கிய சரிவுகளில் அவற்றை அமைத்து மக்கள் இரும்பும் உருக்கும் எடுத்தனர் என்பதை ஜில் ஜூலெஃப் என்னும் ஆராய்ச்சியாளர் அகழ்ந்தும், அதே வகை உலையை மீளக் கட்டி இயக்கியும் நிறுவி, 1996இல் வெளியிட்டார். அவ்வுலைகள் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்தன. துவக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இரும்பின் குணத்தை அறிந்த கைகள் இங்கிருந்தன. எனவே 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கொணர்ந்த துவக்கைக் கண்ட சிங்களக் கொல்லர், அதனை வெறுமனே வியந்து நிற்கவில்லை; கற்றுக்கொண்டனர், பின்னர் தம் வழியில் மாற்றினர்.

துவக்கின் உயிர் அதன் குழலில் இருக்கிறது. இரும்புப் பாளத்தைக் காய்ச்சி, உருண்ட கம்பியொன்றின்மேல் சுற்றி அடித்து, ஓரங்களை உருக்கி ஒன்றாக்கி, பின்பு உட்புறத்தைக் குடைந்து நேராக்க வேண்டும். அந்தப் பொருத்தில் மயிரிழை அளவு குற்றம் இருப்பினும், மருந்து பற்றும் வேளையில் குழல் பிளந்து, சுடுபவன் கையையும் முகத்தையும் கொண்டுபோகும். ஆகவே துவக்கின் தரம் என்பது முதலில் அதனைப் பிடிப்பவனின் உயிர். இந்தச் சோதனையில் இலங்கைக் கொல்லர் தேறினர் என்பதற்கு அயலார் சாட்சியே உண்டு. 1583 முதல் 1588 வரை கோவாவில் வாழ்ந்து, 1596இல் தம் நூலை வெளியிட்ட ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன், சிங்களர் செய்த துவக்குக் குழல்களின் சிறப்பையும் பளபளப்பையும் மிகப் பாராட்டி எழுதினார்.

கண்டித் துவக்கு ஐரோப்பியத் துவக்கின் வெறும் நகல் அன்று. ஐரோப்பியத் துவக்கில் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீப்பொறி எழுப்பும் விசை வலப்புறம் இருக்கும். கண்டித் துவக்கில் பெரும்பாலும் அது இடப்புறம் அமைந்திருக்கும். அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டு, கொடிபோல் செதுக்கப்பட்டிருக்கும். அதில் வெள்ளி, பித்தளை, யானைத் தந்தம் ஆகியவற்றின் பதிப்பு வேலை இருக்கும். அரிதாகக் கைத்துப்பாக்கிகளும் இதே பாணியில் செய்யப்பட்டன. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பை வௌவால் வாழும் குகைகளின் மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தனர்.

இவற்றைச் செய்தவர் நவந்தன்ன எனப்படும் கம்மாளர் குலத்தினர். அரசனுக்கென வேலை செய்த சிறந்த கைவினைஞர் 'பட்டல் ஹதர' என்னும் நான்கு பட்டறைகளில் அடங்கினர். ஏனையோர் ஊர்களில் இருந்தனர். மானியமாகப் பெற்ற நிலத்துக்கு ஈடாக இராசகாரியம் என்னும் கட்டாயச் சேவையாக வேலை செய்தனர். இவர்களுடைய கலையை முதன்முதலில் ஊன்றி ஆராய்ந்து எழுதியவர் தமிழ்த் தந்தைக்குக் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி; இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது.

அக்காலத்தைப் பொற்காலமாகப் பாடுவது நம் நோக்கமன்று. கொல்லன் தன் குலத்தோடும் சேவையோடும் கட்டுண்டிருந்தான். திசாவையின் துவக்கில் வெள்ளிக் கொடி படர்ந்தது. சாதாரண வெடிக்காரன் சுமந்ததில் அந்தச் சிங்காரம் இல்லை. ஆயுதத்தின் அலங்காரம் ஆளின் அந்தஸ்தை அளந்தே செய்யப்பட்டது. இருப்பினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. செய்பவனும் பயன்படுத்துபவனும் ஒரே நாட்டில், பல வேளைகளில் ஒரே ஊரில் வாழ்ந்தனர். விசை தளர்ந்தால் கொல்லன் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். குழல் பிளந்தால் கொல்லன் ஊர் முகத்தில் விழிக்க வேண்டும். தரத்துக்குப் பிணை, தெரிந்த முகமே.

ஆனால் எவ்வளவு நல்ல துவக்கானாலும் அதனைப் பிடிக்கும் கையின் மனம் இல்லையேல் பயனில்லை என்பதை ரந்தெனிவெல காட்டியது. டி சாவின் படையில் போர்த்துக்கேயரைவிட மிகுதியாக இருந்தவர்கள் லஸ்கரின் எனப்பட்ட சிங்கள வீரர்கள். அவர்களுடைய முதலிகள் முன்னமே கண்டி அரசனோடு உடன்பட்டிருந்தனர். பதுளையைக் கொளுத்திவிட்டுத் திரும்பிய படை மலையடிவாரத்தில் வளைக்கப்பட்டபோது, லஸ்கரின்கள் பக்கம் மாறினர். டி சா களத்தில் மாண்டார். தோற்றது துவக்கு அன்று. அந்நியனுக்காகத் துவக்கு ஏந்த மறுத்த கைகளே வென்றன.

இதே ஊவாவில் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் இப்பாடம் இன்னொரு முறை நடந்தது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது; பதுளையிலிருந்த ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பியவர் ஊவாவின் திசாவையான மொனரவில கெப்பெட்டிபொல. அவர் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டார். சேர்வதற்கு முன், ஆங்கிலேயர் தமக்குக் கொடுத்த துவக்குகளையும் மருந்தையும் அவர்களிடமே திருப்பி அனுப்பினார் என்பது வரலாறு போற்றும் செய்தி. போர்த்தந்திரத்தில் இது நட்டமே. ஆயினும் மாற்றான் கொடுத்த ஆயுதத்தை அவனுக்கு எதிராகவும் தொடேன் என்ற அந்தச் செயலில், ஆயுதம் வெறும் இரும்பன்று, அது ஓர் உறவு என்னும் உணர்வு இருந்தது. 1818 நவம்பரில் கண்டியில் அவர் தலை துணிக்கப்பட்டது.

அதன்பின் ஊவாவுக்கு நேர்ந்தது பெருங்கொடுமை. வீடுகள் எரிக்கப்பட்டன; தானியமும் கால்நடையும் அழிக்கப்பட்டன. மருத்துவரும் இரசாயன அறிஞருமான ஜோன் டேவி 1819இல் இப்பகுதியூடாகப் பயணம் செய்து, ஆளரவமற்றுப் பாழான ஊர்களைத் தம் நூலில் பதிவு செய்தார். மக்களிடமிருந்த துவக்குகள் பறிக்கப்பட்டன. துவக்கு பறிபோனால் துவக்குக் கொல்லனுக்கு வேலை ஏது? 1832–33இல் இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. கட்டாயச் சேவை ஒழிந்தது நன்றே. எனினும் அதனோடு பட்டறையைத் தாங்கிய ஏற்பாடும் சரிந்தது. துவக்குச் செய்த கை கலப்பை அடிக்கத் திரும்பியது. பெயர் எழுதப்படாத அக்கையே நம் மாணவன் தேடிய பெயர்.

துவக்கு ஊவாவை விட்டுப் போய்விடவில்லை; கடல் கடந்து வேறு வடிவில் வந்தது. காப்பித் தோட்டங்கள் பெருகிய 1840களில் பதுளையில் ஆட்சியதிகாரியாக இருந்தவர் மேஜர் ரொஜர்ஸ். அவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார் என எமர்சன் டெனன்ட் எழுதியிருக்கிறார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரும் ஊவாவின் காடுகளில் வேட்டையாடினார். அவரிடமிருந்த பெரிய துவக்கு 1840இல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்னும் தொழிலகத்தில், அவரே வகுத்துக் கொடுத்த அமைப்பின்படி செய்யப்பட்டது. அதன் எடை 21 இறாத்தல். அதாவது ஏறத்தாழ ஒன்பதரை கிலோ. குழல் 36 அங்குலம். வாங்குபவரின் உடம்புக்கும் விருப்பத்துக்கும் ஏற்ப அளவெடுத்து ஆயுதம் செய்துகொடுப்பது ஆங்கிலத் துவக்குத் தொழிலாளரின் பெருமையாயிருந்தது. கையின் நீளம், கன்னம் படியும் இடம், கண் நோக்கும் கோடு ஆகியவற்றை அளந்து அடிக்கட்டையைச் செதுக்கினர். நல்ல தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பது போன்றது அது.

தரத்துக்கு அரசாங்க முத்திரையும் இருந்தது. 1813இல் சட்டப்படி நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் சோதனைச்சாலையில் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்துக்கு மிஞ்சிய மருந்தைத் திணித்து வெடித்துப் பார்ப்பர். பிளவாதவை முத்திரை பெறும். இது நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. முன்பு ஊர் முகம் கொடுத்த பிணையை இப்போது முத்திரை கொடுத்தது.

கைத்துப்பாக்கியின் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் தம் சுழல்துப்பாக்கியைக் காட்சிக்கு வைத்தார். பகுதிகளை இயந்திரங்களால் ஒரே அளவில் வெட்டிச் செய்வது அவர் முறை. அங்கேயே ஆங்கிலேயரான அடம்ஸ் தமது சுழல்துப்பாக்கியை வைத்தார். அது தேர்ந்த தொழிலாளர் அரத்தால் இழைத்து ஒவ்வொன்றாகப் பொருத்தியது. கைவேலையின் நயம் பெரிதா, இயந்திரத்தின் ஒழுங்கு பெரிதா என்ற வாதம் அன்று எழுந்தது. அதன் விடை பெரும்பாலும் இயந்திரத்தின் பக்கமே சாய்ந்தது. ஏனெனில் உலகெங்கும் பரவிய சாம்ராச்சியத்துக்கு, உடைந்த வில்லுக்குப் பதில் வேறு வில்லைத் தபாலில் அனுப்பவல்ல தொழிற்சாலை வேண்டியிருந்தது. பர்மிங்ஹாமின் வெப்லி நிறுவனம் செய்த சுழல்துப்பாக்கியை ஆங்கில இராணுவம் 1887இல் ஏற்றது. 1871இல் லண்டனில் தொடங்கிய இராணுவ, கடற்படைக் கூட்டுறவுப் பண்டகசாலை, சோப்பு முதல் துவக்கு வரை அனைத்தையும் விலைப்பட்டியலில் அச்சிட்டு, குடியேற்ற நாடுகளிலிருந்த வெள்ளையருக்கு அனுப்பியது. மலையுச்சி பங்களாவில் இருக்கும் துரை, தன் அளவையும் விருப்பத்தையும் எழுதி அனுப்பலாம், குறையிருப்பின் முறையிடலாம், பதில் வரும்.

அக்காலத்தில் அந்தப் பங்களாவின் கீழேயுள்ள லயத்திலிருந்தோர் யாரிடம் எதை எழுதி முறையிட்டிருக்க முடியும்? நம் சிந்தனை இங்கேதான் தங்க வேண்டும். துரையின் தோளுக்கு அளவெடுத்த அதே உலகம், தொழிலாளியை அளந்த கருவி கொழுந்துத் தராசு ஒன்றே. துவக்குக்குத் தரச் சோதனை இருந்தது; லயத்துக் கூரைக்கு யார் சோதனை செய்தார்? வாடிக்கையாளனுக்கு மரியாதை இருந்தது. கூலிக்கு வந்தவனுக்குக் கங்காணியின் ஏச்சிருந்தது. துவக்கு ஒன்றே. அடிக்கட்டை முனையில் இருப்பவனுக்கு அது நயம் மிக்க கைவினைப் பொருள். வாய் முனையில் நிற்பவனுக்கு அதன் வெள்ளி வேலை கண்ணில் படுவதில்லை.

1900ஆம் ஆண்டு ஐரோப்பியத் தோட்டத்துரைமாரைக் கொண்டு இலங்கைத் தோட்டக்காரர் துவக்குப் படை அமைக்கப்பட்டது. அவ்வாண்டே அதன் ஒரு பகுதி தென்னாப்பிரிக்கப் போருக்குச் சென்றது. 1915இல் சிங்கள–முஸ்லிம் கலவரத்தை அடக்குகிறோம் என்று இராணுவச் சட்டத்தின்கீழ் மக்கள் சுடப்பட்டபோது இப்படையினரும் ஏவப்பட்டனர். மறு ஆண்டில், 1916இன் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. துவக்கு வைத்திருக்க அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் எந்தக் கை பத்திரம் பெறும், எந்தக் கை பெறாது என்பதை அன்று தீர்மானித்தது சட்டப் புத்தகம் மட்டுமன்று. பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையிலிருந்த தூரமும்தான்.

1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிசாரின் குண்டுக்குப் பலியானார். நாடெங்கும் எழுந்த கொதிப்பினால் அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு அமைக்க நேர்ந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி, முதலாளிமாரும் பொலிசாரும் கைகோத்து நின்றதை அம்பலப்படுத்தினார். "இது யாரைச் சுட்டது?" என்று நம் மாணவி கேட்டாளே, அவளுக்கு நாம் சொல்லக்கூடிய பெயர்களில் ஒன்று இது. அரண்மனைத் துவக்குச் சுட்டவரின் பெயர் நமக்குக் கிடைக்காது. தோட்டத்தில் சுடப்பட்டவரின் பெயராவது கிடைத்திருப்பது, தொழிலாளர் இயக்கம் அதனை மறக்க விடாததால்தான்.

அந்த வேலைநிறுத்த அலை ஊவாவை நோக்கிப் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையோடு கலந்து நடப்பதாகத் தோட்டத்துரையும் ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட என்று ஆயுதத்தோடு வந்த பொலிஸ் அணியைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர். இது சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதிய லெஸ்லி குணவர்த்தன குறித்துள்ள நிகழ்ச்சி. பொலிஸ் அடக்குமுறையும், ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து இறுதியில் அவ்வலையைப் பின்தள்ளின. ஆயினும் அம்மே மாதத்தை நாம் கெப்பெட்டிபொலவின் செயலோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒருவர் மாற்றான் துவக்கைத் திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் தம்மை நோக்கி வந்த துவக்கைச் செயலிழக்கச் செய்தனர். வேவெஸ்ஸத் தொழிலாளர் வேண்டியது துவக்கை அன்று. தம் சொல்லும் கேட்கப்படும் ஒரு சபையையே வேண்டினர். முறையிட்டால் பதில் கிடைக்கும் என்ற அந்த எளிய உரிமை, துவக்கு வாங்கிய துரைக்கு விலைப்பட்டியலோடு வந்தது; கொழுந்து பறித்தவருக்கோ போராடித்தான் கிடைக்க வேண்டியிருந்தது. 1977ஆம் ஆண்டு மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்த விலை இன்னும் தீரவில்லை என்பது தெரிந்தது.

பழைய கொல்லனின் கை முற்றாக மறைந்ததா? அதன் நிழல் இன்னும் உண்டு. ஆனால் அது பெருமைப்படத்தக்க நிழல் அன்று. ஊவாவின் சேனைப் புறங்களில் காட்டுப்பன்றிக்கென மறைத்துக் கட்டப்படும் கட்டுத்துவக்கு சட்டவிரோதமானது. நீர்க்குழாயும் ஆணியும் கொண்டு செய்யும் அதற்குச் சோதனைச்சாலையும் இல்லை, முத்திரையும் இல்லை. அதன் கம்பியை இடறுவது பன்றி மட்டுமன்று. விறகுக்குப் போகும் ஏழையும் அதனை இடறிக் காலை இழக்கிறான். அவ்வாயுதத்தில் அடிக்கட்டை முனையில் ஆளே இல்லை. வாய் முனையில் மட்டும் எப்போதும்போல் ஏழை நிற்கிறான்.

அருங்காட்சியகத்தில் அந்தப் பெருந்துவக்குகளைப் பார்க்கப் போகும் ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே, அவற்றின் வேலைப்பாட்டை வியப்பதில் குற்றமில்லை. பருவக்காற்றில் இரும்பு உருக்கிய இம்மண்ணின் கைத்திறனுக்கு அவ்வியப்பு உரியதே. திரும்பி வந்தவை வந்தது நியாயமும் ஆகும். ஆனால் வியந்த பின், துவக்கின் இரு முனைகளிலும் ஒரு தரம் நின்று பாருங்கள். செய்தவன் யார் என்று ஒரு முனையில் கேளுங்கள். அது யாரை நோக்கியது என்று மறு முனையில் கேளுங்கள். நம் வகுப்பறையில் அவ்விரு கேள்விகளையும் கேட்ட பிள்ளைகள் பாடநூலில் படித்து அவற்றைக் கேட்கவில்லை. லயத்திலிருந்தே கொண்டு வந்தனர். அவற்றுக்கு விடை எழுதும் வரலாறே இனி நம் பள்ளிகளில் கற்பிக்கப்பட வேண்டும்.